உயர் தெளிவு வேறு, டிஜிட்டல் வேறு: அனலாக் எச்.டி. வீடியோ எப்படி வேலை செய்தது?

எச்.டி. என்றதும் நம்மில் பெரும்பாலோர் அதை டிஜிட்டலோடு சேர்த்தே நினைக்கிறோம். இதற்குக் காரணம் உண்டு. 2010-ல் டில்லி காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் ஒளிபரப்பியது. அதையொட்டிய ஆண்டுகளில்தான் டி.டி.எச். நிறுவனங்களின் எச்.டி. சேனல்கள் நம் வீடுகளுக்குள் வந்தன. தட்டைத் திரை, டிஜிட்டல் பெட்டி, உயர் தெளிவு மூன்றும் ஒரே மூட்டையாக வந்ததால், மூன்றும் ஒன்றே என்ற எண்ணம் பதிந்துவிட்டது.

ஆனால் அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் வீட்டில் உட்கார்ந்து உயர் தெளிவுப் படம் பார்த்தார்கள். செயற்கைக்கோள் வழியாக வந்த அந்த ஒளிபரப்பு அனலாக். 1990-களின் முதல் பாதியில் கடைக்கு வந்த உயர் தெளிவு லேசர் டிஸ்க்கும் (லேசரால் படிக்கும் பெரிய வீடியோ வட்டு) அனலாக், உயர் தெளிவு வீடியோ கேசட்டும் அனலாக். எதிர்த்திசையிலும் ஒரு சான்று நம் கையிலேயே இருந்தது. நாம் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வி.சி.டி. முழுக்க முழுக்க டிஜிட்டல். அதன் படமோ 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் மட்டுமே கொண்டது. டிஜிட்டலாக இருந்தும் அது கலங்கலாகத்தான் தெரிந்தது.

ஆக, இங்கே இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. படத்தில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பது ஒன்று. அந்த நுணுக்கம் எந்த முறையில் எழுதிவைக்கப்படுகிறது என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான், அனலாக் எச்.டி. என்ற தொடர் முரண்பாடாகத் தோன்றாது.

## படம் என்பது வரிகள்

பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தைக் கிடைக்கோடுகளாகத்தான் வரைந்தது. இடமிருந்து வலமாக ஒரு வரி, அதன் கீழே அடுத்தது என மேலிருந்து கீழ்வரை வரைந்துகொண்டே போகும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு முழுப்படத்துக்கு 525 வரிகள். இந்தியாவிலும் இலங்கையிலும் 625. இவை எல்லாமே கண்ணுக்குத் தெரிவதில்லை. சில வரிகள் கருவியின் ஒத்திசைவுக்காக ஒதுக்கப்பட்டவை.

வரிகளை ஒரே மூச்சில் வரைவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். இப்படிப் பாதி வரிகள் கொண்ட ஒவ்வொரு சுற்றையும் இந்தக் கட்டுரையில் அரைப்படம் என்று சொல்வோம். ஜப்பானில் வினாடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள், நம் நாட்டில் 50.

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கான ஆய்வைத் தொடங்கியது. அன்று பல வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சியே வந்திருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தத் தொலைநோக்கு வியக்கவைக்கிறது. திரை எவ்வளவு அகலமாக இருந்தால், எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால், எத்தனை வரிகள் இருந்தால் பார்ப்பவருக்குக் காட்சிக்குள் இருப்பது போன்ற உணர்வு வரும் என்று மனிதக் கண்ணை வைத்தே சோதித்தார்கள். அதன் விளைவாகப் பிறந்த முறையில் 1125 வரிகள், அவற்றில் படத்துக்குரியவை 1035. திரையின் வடிவம் முதலில் 5:3 என்று இருந்து, பிறகு 16:9 ஆனது. இந்த முறைக்கு ஹை-விஷன் என்று பெயரிட்டார்கள்.

## அனலாக் என்றால் என்ன

கேமரா ஒரு வரியைப் படிக்கும்போது, வெளிச்சமான இடத்தில் மின்னழுத்தம் உயர்கிறது, இருண்ட இடத்தில் தாழ்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே, இடையில் எந்த மதிப்பையும் விலக்காமல் கொண்டுபோவது அனலாக். அதே மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக மாற்றி, எண்களை மட்டும் கொண்டுபோவது டிஜிட்டல்.

எத்தனை வரிகள் என்ற கேள்விக்கு இந்த இரண்டு விளக்கங்களிலும் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 1125 வரிகளையும் மின்னழுத்தமாக அனுப்பலாம். 288 வரிகளையும் எண்களாக எழுதலாம்.

வேறுபாடு தெரியவருவது குறை ஏற்படும்போது. அனலாக்கில் வழியில் சேரும் இரைச்சல் அப்படியே படத்தில் மணல்மணலாகத் தெரியும். டிஜிட்டலில் ஓரளவு வரை எதுவும் தெரியாது, அதைத் தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடையும் அல்லது நின்றுபோகும்.

## வட்டு என்பதாலேயே டிஜிட்டல் ஆகிவிடாது

லேசர், பளபளக்கும் வட்டு, அதில் நுண்ணிய குழிகள் என்றதும் சி.டி.யையே நினைத்து, லேசர் டிஸ்க்கும் டிஜிட்டல்தான் என்று பலர் எழுதுகிறார்கள். 1978 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் டிஸ்க்கின் படம் அனலாக். 30 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட அந்த வட்டில் குழிகள் இருந்தது உண்மை. ஆனால் அவை ஒன்று, பூச்சியம் என்று எண்களைக் குறிக்கவில்லை.

அங்கே பயன்பட்டது அதிர்வெண் பண்பேற்றம், அதாவது நாம் எஃப்.எம். என்று சொல்லும் அதே வழிமுறை. எஃப்.எம். வானொலியில் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப, வினாடிக்கு எத்தனை அலைகள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். லேசர் டிஸ்க்கில் படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப அந்த எண்ணிக்கை மாறும். வெளிச்சம் கூடினால் குழிகள் நெருங்கும், குறைந்தால் விலகும். குழியின் நீளமும் இடைவெளியும் எந்த அளவாகவும் இருக்கலாம். சி.டி.யில் அப்படி அல்ல, ஒன்பது குறிப்பிட்ட நீளங்கள் மட்டுமே அனுமதி. லேசர் டிஸ்க்கில் பிற்காலத்தில் டிஜிட்டல் ஒலி சேர்க்கப்பட்டது. படம் கடைசிவரை அனலாக்தான்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். வரிகளின் எண்ணிக்கையும் திரையின் நுணுக்கமும் ஒரு செய்தி. அனலாக், டிஜிட்டல் என்பது எழுதும் முறை. லேசர், குழி, வட்டு ஆகியவை எழுதப்படும் பொருள். மூன்றும் தனித்தனி.

## தெளிவு கூடினால் இடம் போதாது

525 வரியை 1125 ஆக்கினால் செங்குத்து நுணுக்கம் இரு மடங்குக்குச் சற்று மேல். அதற்கு ஈடாக ஒவ்வொரு வரிக்குள்ளும் நுணுக்கம் இரு மடங்காக வேண்டும். திரை 4:3-லிருந்து 16:9 ஆனதால் வரி மூன்றில் ஒரு பங்கு நீண்டது. இவற்றைப் பெருக்கினால் ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. இத்தனையையும் அதே அறுபதில் ஒரு வினாடிக்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

ஒரு சிக்னல் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்பதற்கான வரம்பை அலைப்பட்டை அகலம் என்பார்கள். அதன் அலகு மெகாஹெர்ட்ஸ், வினாடிக்குப் பத்து லட்சம் ஏற்ற இறக்கங்கள். ஜப்பானின் சாதாரணத் தொலைக்காட்சிப் படத்துக்குத் தேவைப்பட்டது 4.2 மெகாஹெர்ட்ஸ். ஹை-விஷனின் வெளிச்சத் தகவலுக்கு மட்டுமே 20 மெகாஹெர்ட்ஸ் தேவை, வண்ணத்துக்கு மேலும் வேண்டும். எஃப்.எம். முறையில் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும்போது மூலச் சிக்னலைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஜப்பானின் ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையின் அகலமோ 27 மெகாஹெர்ட்ஸ்தான். லேசர் டிஸ்க்கின் நிலையும் அதுவே. அவ்வளவு விரைவான ஏற்ற இறக்கத்தைப் பொறிக்கவோ படிக்கவோ அதனால் முடியாது.

ஆகவே சிக்னலைச் சுருக்கியாக வேண்டும். இன்று சுருக்கம் என்றால் கணினி நொடியில் செய்துவிடும். 1980-களின் தொடக்கத்தில், வீட்டுக்குள் வைக்கும் ஒரு பெட்டியில், ஓடிக்கொண்டிருக்கும் படத்தை அப்போதைக்கப்போது விரிக்க வேண்டும். என்.எச்.கே. பொறியாளர்கள் கண்ட விடைக்கு மியூஸ் என்று பெயர். அனலாக் எச்.டி.யின் இதயம் இதுதான் என்பதால் இதில் சற்று நின்று பார்ப்போம்.

## மியூஸ்: நான்கு தவணையில் ஒரு கோலம்

வாசலில் 400 புள்ளி வைத்து ஒரு பெரிய கோலம் போட வேண்டும். ஒரு தடவைக்கு 100 புள்ளிக்கான மாவுதான் கையில் கிடைக்கிறது. என்ன செய்யலாம்? மூலையில் தொடங்கி 100 புள்ளியை நெருக்கமாக வைத்தால், கோலத்தின் கால்வாசி மட்டும் தெரியும், மற்ற இடம் வெறுமையாகக் கிடக்கும். அதற்குப் பதிலாக, வாசல் முழுவதும் பரவும்படி இடம் விட்டு விட்டு 100 புள்ளி வைக்கலாம். அடுத்த தடவை அவற்றின் இடையில் 100, மூன்றாம் தடவை இன்னொரு இடையில் 100, நான்காம் தடவை மிச்சம். இடைப்புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இந்த அடுக்கு கண்முன் வந்துவிடும். முதல் தடவையிலேயே கோலத்தின் உருவம் தோராயமாகத் தெரிந்துவிடுகிறது. நான்காவது தடவையில் அது முழுமை பெறுகிறது.

மியூஸ் செய்தது இதுதான். ஒவ்வோர் அரைப்படத்திலும், அனுப்ப வேண்டிய புள்ளிகளில் ஒரு பகுதியை மட்டும், இடம் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்து அனுப்பியது. நான்கு அரைப்படங்கள் சேர்ந்தால் முழு நுணுக்கமும் வந்து சேரும். வினாடிக்கு 60 அரைப்படம் என்பதால், இந்தச் சுற்று முடியப் பதினைந்தில் ஒரு வினாடி போதும். துல்லியக் கணக்கில் நால்வகைப் பங்கீடு இதைவிடச் சிக்கலானது, ஆனால் அடிப்படை மாறாது. இப்படிச் செய்ததில் 20 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் கேட்ட படம் 8.1 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கியது. ஒரே செயற்கைக்கோள் அலைவரிசையில் அதை அனுப்ப முடிந்தது.

கோலத்தில் முன்பு வைத்த புள்ளிகளைத் தரை காப்பாற்றி வைத்திருக்கிறது. தொலைக்காட்சியில் அந்தத் தரையின் வேலையைச் செய்தது நினைவகம். வந்து சேரும் ஒவ்வோர் அரைப்படத்தையும் சேமித்து, பழைய மூன்றோடு சேர்த்து முழுப்படமாக்கும் கருவிக்கு மியூஸ் டிகோடர் என்று பெயர். அன்று நினைவகச் சில்லுகள் விலை உயர்ந்தவை. ஒரு முழு உயர் தெளிவுப் படத்தை இடைவிடாமல் எழுதி வாசிக்கும் அளவுக்கு அவை வேகமாகவும் இருக்க வேண்டும். தொடக்க கால டிகோடர்கள் பெரிய அலமாரிக் கருவிகளாக இருந்ததற்கும், பிறகு வந்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் விலை பத்து லட்சம் யென்னைத் தாண்டியதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

## கோலம் நகர்ந்தால்?

கோலத்தின் நடுவில் ஒரு மயில் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தடவை புள்ளி வைத்து முடிப்பதற்குள் மயில் இரண்டடி தள்ளிப் போய்விட்டது. முதல் தடவை வைத்த புள்ளிகள் மயில் முன்பு நின்ற இடத்தையும், நான்காம் தடவை வைத்தவை இப்போது நிற்கும் இடத்தையும் காட்டும். அப்படியே சேர்த்தால் மயிலுக்குப் பின்னால் பேய் போல ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கு மியூஸ் டிகோடர் ஒரு முடிவை எடுக்கும். படத்தில் எந்தப் பகுதி அசைகிறது, எது அசையவில்லை என்று ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுப் பார்க்கும். அசையாத பகுதியில் நான்கு தவணைப் புள்ளிகளையும் பயன்படுத்தும். அசையும் பகுதியில் பழையவற்றை ஒதுக்கிவிட்டு, கடைசியாக வந்த 100 புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, இடைவெளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால் நிரப்பும். மயில் சரியான இடத்தில் தெரியும், ஆனால் சற்று மங்கலாக. சுற்றியுள்ள கோலம் கூர்மையாகவே இருக்கும்.

அசையும் பொருளின் நுணுக்கத்தைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பது இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்த கணிப்பு. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஓடும் ஆட்டக்காரரை நாம் கண்ணாலேயே பின்தொடரும்போது அந்தக் கணிப்பு பொய்க்கிறது. பின்தொடரும் கண்ணுக்கு அவர் அசையாதவர், ஆகவே மங்கல் தெரிந்துவிடும். மியூஸ் படத்தைப் பார்த்தவர்கள் சொன்ன முதன்மையான குறையும் இதுவே.

கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சி இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அப்போது தரை முழுவதுமே நகர்கிறது. எல்லாம் அசைகிறது என்று டிகோடர் முடிவு செய்தால் மொத்தப் படமும் மங்கிவிடும். இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். படம் முழுவதும் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பை ஒவ்வோர் அரைப்படத்தோடும் அனுப்பினார்கள். டிகோடர் பழைய புள்ளிகளை அந்த அளவுக்கு நகர்த்தி, புதியவற்றோடு பொருத்திக்கொள்ளும். அசைவைக் கணக்கிட்டு ஈடுசெய்யும் இந்தக் கருத்து, இன்று கைப்பேசியில் பார்க்கும் ஒவ்வொரு டிஜிட்டல் வீடியோவிலும் பல மடங்கு விரிவாகப் பயன்படுகிறது. மியூஸைத் தோற்றுப்போன தொழில்நுட்பம் என்று ஒரு வரியில் ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. மிகக் குறைந்த வசதியில் மிக ஆழமாகச் சிந்தித்தவர்களின் வேலை அது.

வண்ணமும் ஒலியும் இந்த இடுக்குகளிலேயே நுழைக்கப்பட்டன. வண்ணத் தகவலைக் காலத்தில் நெருக்கி ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வைத்தார்கள். இரண்டு அரைப்படங்களுக்கு நடுவே உள்ள வெற்று வரிகளில் ஒலியை வைத்தார்கள். அந்த ஒலி டிஜிட்டல்.

## அப்படியானால் மியூஸ் டிஜிட்டலா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். டிகோடருக்குள் நினைவகம் இருக்கிறது, புள்ளிகளாகப் பிரிக்கிறார்கள், ஒலியும் டிஜிட்டல். பிறகு எப்படி அனலாக் என்கிறோம்?

ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் எந்த வடிவில் பயணம் செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் வழியிலும் வட்டின் மீதும் அது மின்னழுத்தத்தின் உயரமாகவே போனது, எண்ணாக அல்ல. டிகோடருக்குள் வந்த பிறகுதான் எண்ணாக மாறி, நினைவகத்தில் அடுக்கப்பட்டு, மீண்டும் மின்னழுத்தமாகித் திரைக்குப் போனது. இடையில் நுழைந்த இரைச்சல் படத்தில் மணலாகத் தெரிந்தது, கட்டங்களாக உடையவில்லை. ஆகவே பதிவும் பயணமும் அனலாக், விரிக்கும் வேலை டிஜிட்டல் என்பதே சரியான விளக்கம்.

சுருக்கமாக: ஹை-விஷன் என்பது 1125 வரிப் படம். மியூஸ் என்பது அந்தப் படத்தைச் சிறிய வழியில் நுழைக்கும் சுருக்க முறை. டிகோடர் அதை மீண்டும் விரிக்கும் கருவி. இந்த மூன்று பெயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

## வட்டும் அதற்கான பிளேயரும்

1989 ஜூனில் என்.எச்.கே. நாள்தோறும் ஒரு மணி நேரச் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது. 1991 நவம்பர் 25 முதல் அது நாளுக்கு எட்டு மணி நேரமானது. 11-ஆம் மாதம் 25-ஆம் நாள் என்ற தேர்வு 1125 வரிகளை நினைவூட்டுவதற்காக. ஒளிபரப்பைத் தொடர்ந்து, அதே மியூஸ் சிக்னலைத் தாங்கிய லேசர் டிஸ்க்குகள் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தன. ஹாலிவுட் படங்கள், இசை நிகழ்ச்சிகள், இயற்கைக் காட்சிகள் எனப் பட்டியல் சிறியதுதான். ஜப்பானுக்கு வெளியே அவை முறைப்படி விற்கப்படவில்லை.

வட்டு பார்ப்பதற்குச் சாதாரண லேசர் டிஸ்க் போலவே இருக்கும், அதே 30 சென்டிமீட்டர். ஆனால் 4.2 மெகாஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் 8.1 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பொறிக்க வேண்டும் என்பதால் குழிகள் இன்னும் நுண்மையாயின. சிறிய குழியைப் படிக்கச் சிறிய ஒளிப்புள்ளி வேண்டும். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதைச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். அந்தக் காலத்துச் சாதாரணப் பிளேயர்களின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாதது. ஹை-விஷன் பிளேயர்கள் 670 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பயன்படுத்தின. பிறகு வந்த டி.வி.டி. 650-க்கும், புளூ-ரே 405-க்கும் இறங்கியது இதே காரணத்தால்தான்.

பயனியர், சோனி, பானாசோனிக் ஆகிய நிறுவனங்கள் இந்தப் பிளேயர்களை விற்றன. பயனியரின் எச்.எல்.டி. எக்ஸ்-0 என்ற மாடல் 30 கிலோவுக்கும் அதிக எடை. பெரிய வட்டு வேகமாகச் சுழலும்போது எழும் சிறு அதிர்வும் அனலாக் படத்தில் எட்டிப்பார்க்கும், அதனால் கனமான உடல் தேவைப்பட்டது. இந்தப் பிளேயர்கள் பழைய லேசர் டிஸ்க்குகளையும் ஓட்டின. நுண்ணிய ஒளிப்புள்ளி பக்கத்துத் தடத்தைத் தொடாமல் படித்ததால், பழைய வட்டுகளே இவற்றில் தூய்மையாகத் தெரிந்தன. இன்றும் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடிப் பிடிப்பதற்கு அது முக்கியக் காரணம்.

பிளேயர் மட்டும் இருந்தால் படம் வந்துவிடாது. பிளேயரிலிருந்து வெளிவருவது சுருங்கிய மியூஸ் சிக்னல். அது தனிப் பெட்டியாகவோ தொலைக்காட்சிக்குள்ளோ இருக்கும் டிகோடருக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஹை-விஷன் திரைக்கு. அந்தத் திரையும் தனி வகை. சாதாரணக் குழாய்த் தொலைக்காட்சி வினாடிக்கு 15,700 வரிகளை ஒட்டி வரையும். ஹை-விஷனுக்கு 1125-ஐ 30-ஆல் பெருக்க வேண்டும்: 33,750 வரிகள். சாதாரணப் பெட்டியால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. அதனால் மியூஸைச் சாதாரணப் படமாகக் குறைத்துக் காட்டும் மலிவான மாற்றிகளும் ஜப்பானில் விற்றன. அவற்றில் நிகழ்ச்சியைப் பார்க்கலாம், உயர் தெளிவைப் பார்க்க முடியாது.

## டேப்பிலும் எச்.டி.

வி.எச்.எஸ். கேசட் போட்டுப் பார்க்கும் வீடியோ டெக் நமக்குப் பழக்கமானது. அதை உருவாக்கிய ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனமே, அதே அளவுக் கேசட்டில் அனலாக் உயர் தெளிவைப் பதியும் டபிள்யூ-வி.எச்.எஸ். முறையை 1990-களின் முதல் பாதியில் கொண்டுவந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருந்தது உலோகத் துகள் பூசிய டேப், சாதாரண டேப்பைவிட அதிக நுணுக்கத்தைத் தாங்குவது. ஒரே தடத்தில் எல்லாவற்றையும் எழுத முடியாது என்பதால், படத்தை இரண்டாகப் பகிர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் இரு தடங்களாக ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

வட்டுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். வட்டில் இருந்தது மியூஸாகச் சுருங்கிய சிக்னல். டபிள்யூ-வி.எச்.எஸ். டெக் பதிந்தது டிகோடரிலிருந்து விரிந்து வெளிவந்த படம். எனவே டேப்பைத் திரும்பப் பார்க்க மியூஸ் டிகோடர் தேவையில்லை. பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளை இந்த டெக்கில் பார்க்க முடிந்தது. டபிள்யூ-வி.எச்.எஸ். கேசட்டைப் பழைய டெக்கில் போட்டால் படம் வராது.

## ஏன் நிலைக்கவில்லை

1986-ல் டுப்ராவ்னிக் நகரில் நடந்த பன்னாட்டுக் கூட்டத்தில், 1125 வரி முறையை உலகத் தரமாக்க ஜப்பான் முயன்றது. ஐரோப்பிய நாடுகள் ஏற்கவில்லை. தங்களுக்கென 1250 வரிகள் கொண்ட எச்.டி.-மேக் என்ற முறையை உருவாக்கி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்டின. அதுவும் பரவவில்லை.

திருப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1990-ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம், உயர் தெளிவுப் படத்தை முழுவதும் எண்களாக மாற்றி, சாதாரணத் தொலைக்காட்சி அலைவரிசைக்குள்ளேயே அனுப்பும் திட்டத்தை முன்வைத்தது. எண்களை மியூஸைவிடப் பல மடங்கு சுருக்கலாம், பிழைகளை வழியிலேயே திருத்தலாம். அதன் பிறகு அனலாக் எச்.டி.க்கு எதிர்காலம் இல்லை என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. 1994 பிப்ரவரியில் ஜப்பானின் அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் மூத்த அதிகாரி ஒருவர், உலகம் டிஜிட்டலை நோக்கிப் போகிறது, நாமும் மாற வேண்டும் என்று பேசினார். எழுந்த எதிர்ப்பில் மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார். ஆனால் 2000 டிசம்பரில் ஜப்பானின் செயற்கைக்கோள் டிஜிட்டல் எச்.டி. ஒளிபரப்பு தொடங்கியது. மியூஸ் ஒளிபரப்பு 2007-ல் நிறுத்தப்பட்டது.

வட்டின் கதையில் நம் பேச்சுக்கு நேரடிச் சான்று ஒன்று இருக்கிறது. 1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. வந்தது. அதன் படம் 480 வரி. ஹை-விஷன் வட்டில் இருந்ததில் பாதிகூட இல்லை. இருந்தும் சிறிய வட்டு, மலிவான பிளேயர், இருக்கும் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம் என்ற வசதிகளால் டி.வி.டி. வென்றது. அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய அந்த ஆண்டுகளில் வீட்டுத் திரைப்பட வட்டின் தெளிவு கூடவில்லை, குறைந்தது. விட்ட இடத்தைப் பிடிக்க 2006-ல் எச்.டி. டி.வி.டி.யும் புளூ-ரே திரைப்படங்களும் வர வேண்டியிருந்தது.

## இன்று ஒரு ஹை-விஷன் வட்டு கிடைத்தால்

பழைய பொருள் சந்தையில் வாங்குபவர்கள் முதலில் அட்டையில் ஹை-விஷன் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 16:9 அகலத் திரைக்காகப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்த சாதாரண லேசர் டிஸ்க்குகளும் ஜப்பானில் வந்தன. அகலம் என்பதால் அவை எச்.டி. ஆகிவிடாது, அவற்றின் வரிகள் பழைய 525 மட்டுமே. உண்மையான ஹை-விஷன் வட்டைச் சாதாரணப் பிளேயரில் போட்டால் படம் கிடைக்காது.

பிளேயரும் டிகோடரும் கைவசம் இருந்தால் திரையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1080 வரிகளை அரைப்படங்களாக வரையும் இன்றைய எச்.டி. முறையிலும், படத்துக்கு வெளியே உள்ளவற்றையும் சேர்த்தால் மொத்த வரிகள் 1125. அது என்.எச்.கே. அன்று வகுத்த எண்ணின் நேரடி வாரிசு. வினாடிக்கு 60 அரைப்படம் காட்டும் நாடுகளில் வரைதல் வேகமும் அதே 33,750. அனலாக் இணைப்பு உள்ள சில எச்.டி. தொலைக்காட்சிகள் ஹை-விஷன் சிக்னலை 1080 என்று எண்ணி ஏற்றுக்கொள்கின்றன. படத்துக்குரிய வரிகள் 1035 மட்டுமே என்பதால் மேலோ கீழோ சிறு வெற்றுப் பட்டை தெரியலாம்.

டிகோடர்கள் பழுதடைந்து வருவதால், ஆர்வலர்கள் வேறொரு வழியிலும் இறங்கியிருக்கிறார்கள். பிளேயரின் லேசர் படிக்கும் கச்சாச் சிக்னலை அப்படியே கணினியில் பதிந்து, நான்கு தவணைப் புள்ளிகளைச் சேர்க்கும் வேலையை மென்பொருளிடம் விடுகிறார்கள். அசையாத காட்சிகளில் இது எளிது. கடினமான பகுதி அன்றும் இன்றும் ஒன்றே: எது அசைகிறது என்று முடிவு செய்வது. அந்த முடிவை ஒவ்வொரு டிகோடரும் தன் போக்கில் எடுத்ததால், ஒரே வட்டு இரண்டு வீடுகளில் சற்றே வேறுபட்ட படத்தைக் காட்டியிருக்கும். மென்பொருளில் அந்த முடிவை மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்க்கலாம். வட்டில் பொறித்தது மாறாமல் இருக்க, அதிலிருந்து அன்றைய டிகோடர்கள் காட்டியதைவிட நல்ல படத்தை எடுக்க இன்னும் இடம் இருக்கிறது.